தாவீதைத் தூண்டியது யார்? பாரசீகர் மதமும் யூத மதமும் பழகிய கதை

தாவீது ராஜா தன் நாட்டில் வாள் எடுக்கத் தகுந்த ஆண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்த கதை பைபிளில் இரண்டு இடத்தில் வருகிறது. கணக்கெடுத்தது பெரிய குற்றமாகிப்போய், நாட்டில் கொள்ளைநோய் பரவுகிறது. இரண்டு இடத்திலும் கதை இதுதான். 'போய்க் கணக்கெடு' என்று தாவீதின் மனதில் போட்டது யார் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் விடை மாறுகிறது. கர்த்தருக்கு இஸ்ரவேலின் மேல் கோபம் மூண்டது, அந்தக் கோபத்தில் தாவீது ஏவப்பட்டான் என்கிறது இரண்டாம் சாமுவேல் 24ஆம் அதிகாரம். முதல் நாளாகமம் 21ஆம் அதிகாரத்தில் ஏவிவிடுவது சாத்தான்.

நாளாகமம் பிந்திய நூல். எவ்வளவு பிந்தியது என்பதற்கு அதன் 29ஆம் அதிகாரத்திலேயே ஒரு தடயம் கிடக்கிறது. ஆலயம் கட்ட மக்கள் தாவீதிடம் கொடுத்த நன்கொடையைக் கணக்குச் சொல்லும்போது, எபிரேய மூலம் 'தரிக்' என்ற தங்கக்காசைச் சொல்கிறது. தரிக் பாரசீக நாணயம். தாவீதுக்கு ஏறக்குறைய 500 வருடம் கழித்து ஆண்ட முதலாம் தாரியஸ் காலத்தில் வந்தது. எழுதியவர் தன் காலத்துக் காசைத் தெரியாமல் பழைய ராஜாவின் கஜானாவில் போட்டுவிட்டார். ஆக, அவர் பாரசீக ஆட்சியிலோ அதற்குப் பிறகோ வாழ்ந்தவர்.

அந்தப் பாரசீகர்களிடம், உலகத்தை நன்மையின் பக்கம், தீமையின் பக்கம் என்று பிரித்துப் பார்க்கிற ஒரு மதம் இருந்தது. அப்படியென்றால் சாத்தான் அங்கிருந்து வந்தவன்தானே? சொர்க்கம், நரகம், இறந்தவர் எழுவது, கடைசித் தீர்ப்பு எல்லாமே அங்கிருந்து எடுத்ததுதானா? 'ஆமாம், மொத்தமும் காப்பி' என்று அடித்துச் சொல்பவர்கள் இணையத்தில் நிறைய. 'ஒரு துளிகூடக் கிடையாது' என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டு தரப்பும் அவசரப்படுவதாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் ஜரதுஸ்திரரின் மதம். நம் ஊரில் பார்சி என்றால் தெரியும். ஈரானிலிருந்து குஜராத் கரைக்கு வந்து சேர்ந்தவர்களின் வழிவந்தவர்கள். சென்னை ராயபுரத்தில்கூட அவர்களுடைய அக்னி ஆலயம் ஒன்று இருக்கிறது. அவர்களின் தீர்க்கதரிசிதான் ஜரதுஸ்திரர். அவர் பாடியவையாகக் கருதப்படும் 17 பாடல்களுக்குக் 'காதா' என்று பெயர். ரிக் வேதத்தின் மொழிக்கு மிக நெருங்கிய மொழி அது. வேதத்தில் 'ருதம்' என்று வரும் உலக ஒழுங்கு இங்கே 'அஷா'. அதற்கு எதிரி 'த்ருஜ்', அதாவது பொய். வேடிக்கை என்னவென்றால், நமக்கு நல்லவர்களான தேவர்கள் அங்கே 'தய்வ' என்ற பெயரில் கெட்டவர்களாகிவிட்டார்கள். நம் 'அசுர' அங்கே 'அகுர' ஆகி, உயர்ந்த கடவுளின் பட்டமாகிவிட்டது: அகுர மஸ்தா, ஞானமுள்ள தலைவர். அவருக்கு எதிராக அங்ர மைன்யு என்ற கேடு செய்யும் ஆவி. பின்னாளில் இந்த இரண்டு பேரும் ஓர்மஸ்த், அஹ்ரிமன் என்று அழைக்கப்பட்டார்கள். மனிதன் யார் பக்கம் நிற்பது என்று தானே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியில் பொய் தோற்கும், இறந்தவர்கள் எழுவார்கள், உலகம் புதிதாகும்.

யூதர்கள் இவர்களைச் சந்தித்தது ஒரு பெரிய துயரத்துக்குப் பிறகு. பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் கி.மு. 586 வாக்கில் எருசலேம் ஆலயத்தை எரித்து, ஊர்ப் பெரியவர்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். கி.மு. 539இல் பாரசீக மன்னன் சைரஸ் அந்தப் பாபிலோனையே பிடித்தான். தமிழ் பைபிளில் 'கோரேஸ்' என்று வருவது இவன்தான். நாடு திரும்பலாம், ஆலயத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்று அவன் ஆணையிட்டதாக எஸ்றா நூல் தொடங்குகிறது. ஆலயம் கி.மு. 515இல், தாரியஸ் காலத்தில் முடிந்தது.

ஏசாயா நூலின் 45ஆம் அதிகாரம் இந்த சைரஸை 'கர்த்தரால் அபிஷேகம் செய்யப்பட்டவன்' என்கிறது. எபிரேயத்தில் அந்தச் சொல் 'மஷியாக்'; நாம் மேசியா என்கிறோமே, அதுதான். எபிரேய பைபிள் முழுக்கத் தேடினாலும் அந்தப் பட்டம் கிடைத்த வேற்று நாட்டு மன்னன் வேறு யாருமில்லை.

சரி, சைரஸ் எந்தச் சாமியைக் கும்பிட்டான்? இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். பாபிலோனில் 1879இல் கிடைத்த ஒரு சுட்ட களிமண் உருளை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் சைரஸ், தன்னைத் தேர்ந்தெடுத்தது மர்துக் என்கிறான். மர்துக் பாபிலோனின் சாமி. ஊர் ஊராகக் கொண்டுவரப்பட்டிருந்த தெய்வச் சிலைகளை அவரவர் கோயிலுக்கே திருப்பி அனுப்பியதாகவும் சொல்கிறான். யூதர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அகுர மஸ்தாவைப் பற்றியும் இல்லை. பாபிலோனில் மர்துக்கின் ஆள், எருசலேமில் கர்த்தரின் ஆள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சாமியின் பெயரால் ஆளத் தெரிந்த மன்னன். அவனுக்குப் பின் வந்த தாரியஸ் ஈரானின் பெஹிஸ்துன் மலையில் வெட்டிவைத்த கல்வெட்டில் அகுர மஸ்தாவின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது; எதிரிகள் எல்லோரும் பொய்யர்கள் என்கிறான். ஆனால் ஜரதுஸ்திரர் பெயர் அதிலும் வருவதில்லை.

அதே ஏசாயா 45இல் ஏழாவது வசனம் பலரும் பிடித்துக்கொள்ளும் வசனம். ஒளியைப் படைத்ததும் நானே, இருளை உண்டாக்கியதும் நானே, சமாதானமும் தீங்கும் என்னால்தான் என்று கடவுள் சைரஸிடம் பேசுகிற இடம். 'பாரசீகர்களின் இரட்டைக் கொள்கைக்கு இது சூடான பதில்' என்று பலர் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காதாக்களில் ஒன்று, வழிபாட்டு நூலான யஸ்னாவின் 44ஆம் அதிகாரம், கேள்வி மேல் கேள்வியாகப் போகும் பாட்டு. அதில் ஜரதுஸ்திரர், ஒளியையும் இருளையும் செய்த கைவினைஞன் யார் என்று அகுர மஸ்தாவிடமே கேட்கிறார். எதிர்பார்க்கும் பதில் 'நீதான்' என்பது. அப்படியானால் ஏசாயா மறுத்துப் பேசுகிறாரா, அல்லது பாரசீகர்கள் தங்கள் கடவுளைப் புகழும் தோரணையிலேயே தன் கடவுளைப் புகழ்கிறாரா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

இப்போது எகிப்துக்குப் போவோம். நைல் நதியில், இன்றைய அஸ்வானுக்குப் பக்கத்தில், எலிபன்டைன் என்று ஒரு சின்னத் தீவு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே பாரசீக அரசுக்குக் கூலிப்படையாக இருந்தவர்கள் யூதர்கள். அவர்கள் அரமேய மொழியில் எழுதிய பப்பைரஸ் தாள்கள் மண்ணில் அழியாமல் கிடைத்திருக்கின்றன. கல்யாணப் பத்திரம், வீடு விற்ற பத்திரம், கடன் சீட்டு, புலம்பல் கடிதம் எல்லாம் உண்டு. தாரியஸின் பெஹிஸ்துன் கல்வெட்டுக்கு ஓர் அரமேயப் பிரதிகூட அங்கே கிடைத்தது. பாரசீக மன்னன் அகுர மஸ்தாவைப் பற்றிச் சொன்னது யூதர்களின் காதுக்குப் போயிருக்குமா என்று கேட்டால், தீவிலேயே தாள் கிடந்திருக்கிறது.

அந்தத் தீவு யூதர்களுக்குத் தனியாக ஓர் ஆலயம் இருந்தது. கி.மு. 410இல் பக்கத்திலிருந்த க்னூம் சாமியின் எகிப்தியப் பூசாரிகள், உள்ளூர் பாரசீக அதிகாரியைக் கையில் போட்டுக்கொண்டு, அதை இடித்துவிட்டார்கள். திரும்பக் கட்ட அனுமதி கேட்டு யூதர்கள் கி.மு. 407இல் யூதேயாவின் ஆளுநருக்கு எழுதினார்கள். வந்த பதிலில் 'கட்டுங்கள், தானியக் காணிக்கையும் சாம்பிராணியும் செலுத்துங்கள்' என்று இருக்கிறது. முன்பு செலுத்திய தகனபலி, அதாவது மிருகத்தை நெருப்பில் எரிக்கும் பலி, பற்றிப் பேச்சே இல்லை. ஏன்? க்னூமுக்கு ஆட்டுக்கடாத் தலை, அந்தப் பூசாரிகளைச் சீண்ட வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். எருசலேமுக்கு மட்டும்தான் பலி உரிமை என்று விட்டிருக்கலாம். நெருப்பைப் புனிதமாக நினைக்கிற பாரசீகர்களுக்கு, செத்த உடலை நெருப்பில் போடுவது கண்ணில் உறுத்தியிருக்கலாம் என்பது இன்னொரு யூகம்.

இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தால் முதலில் கைமாறுவது சொற்கள்தான். நெகேமியா சூசா அரண்மனையில் மன்னன் அர்தக்செர்க்ஸஸுக்குப் பானம் ஊற்றிக் கொடுத்தவர். எருசலேம் மதில் கட்ட மரம் வேண்டும் என்று, ராஜாவின் வனக் காவலன் ஆசாபுக்குக் கடிதம் கேட்கிறார். 'வனம்' என்று தமிழில் படிக்கும் அந்த இடத்தில் எபிரேயத்தில் இருப்பது 'பர்தேஸ்'. பழைய ஈரானிய மொழியில் 'பைரி' என்றால் சுற்றி, 'தஏசா' என்றால் சுவர். சுற்றுச்சுவர் போட்ட தோட்டம். பரிவாரம் என்கிறோமே, அதில் வரும் 'பரி'யும் இந்தப் 'பைரி'யும் உறவுக்காரர்கள். கிரேக்கர் இதைப் 'பரதெய்சோஸ்' ஆக்கினார்கள். எபிரேய பைபிளைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது ஏதேன் தோட்டத்துக்கே இந்தச் சொல்லைப் போட்டார்கள். சிலுவையில் இயேசு பக்கத்திலிருந்த கள்ளனிடம், இன்றே என்னோடு இருப்பாய் என்று சொல்லும் 'பரதீசு' இதுதான். தமிழ்நாட்டு மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காதில் விழும் ஒரு சொல் பாரசீக ராஜாவின் தோட்டத்தில் முளைத்தது.

'தாத்' என்றால் பாரசீகத்தில் சட்டம். எஸ்தர், எஸ்றா நூல்களில் அது 'தத்' என்று வருகிறது. இன்றைய எபிரேயத்தில் 'மதம்' என்பதற்கே அந்தச் சொல்தான். தானியேல் நூலில் 'ரகசியம்' என்பதற்கு வரும் 'ராஸ்' என்பதும் பாரசீகம். சொற்கடனில் சண்டைக்கு இடமே இல்லை, எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

சொல்லுக்கு அடுத்தபடி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒரு பேய். கத்தோலிக்க பைபிளில் தோபித்து என்று ஒரு நூல் உண்டு. எக்பத்தானாவில் சாரா என்ற பெண்ணுக்கு ஏழு முறை கல்யாணம் நடக்கிறது. ஏழு மாப்பிள்ளைகளையும் முதலிரவிலேயே கொன்றுவிடுகிறது அஸ்மோதேயு என்ற பேய். எட்டாவதாக வந்த தோபியா மீனின் இதயத்தையும் ஈரலையும் நெருப்பில் போட்டுப் புகைக்க, பேய் எகிப்துக்கே ஓடிவிடுகிறது. அஸ்மோதேயு என்ற பெயர் எபிரேயத்தில் ஒட்டவே ஒட்டாது. ஜரதுஸ்திர மதத்தின் வேதமான அவெஸ்தாவில் 'அயேஷ்ம' என்று ஒரு தய்வன் வருகிறான். வெறிபிடித்த கோபத்தின் உருவம். அயேஷ்ம தய்வ, அஸ்மோதேயு. பேய் வரும் எக்பத்தானாவும் ஈரானில் மேதியர் என்பவர்களின் நாட்டு ஊர். போதாக்குறைக்கு, தோபியாவுக்குப் பின்னாலேயே ஒரு நாய் போகிறது. பைபிளில் நாய்க்கு நல்ல பெயரே கிடையாது. ஜரதுஸ்திர மதத்திலோ அது மரியாதைக்குரிய பிராணி.

ஆனால் அதே கதையில் தோபியாவின் அப்பா தோபித்து செய்யும் புண்ணிய காரியம் என்ன தெரியுமா? தெருவில் போட்டிருக்கும் பிணங்களை ராத்திரியில் எடுத்துப் புதைப்பது. ஜரதுஸ்திர மதத்தில் பிணத்தை மண்ணில் புதைத்தால் மண் தீட்டாகிவிடும். மாகிகள் எனப்பட்ட அவர்களுடைய பூசாரிகள் உடலைப் பறவைக்கும் நாய்க்கும் விடுவார்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவர்களிடமிருந்து ஒரு பேயை வாங்கிக்கொண்ட கதை, அவர்கள் முகம் சுளிக்கும் காரியத்தைச் செய்பவரைக் கதாநாயகனாக வைக்கிறது. இந்த இரண்டு மதங்களின் உறவையும் எனக்கு இதைவிட நன்றாகக் காட்டிய கதை வேறில்லை.

பெரிய கேள்வி, இறந்தவர் எழுவது. பழைய எபிரேய நூல்களில் செத்தவர்கள் நல்லவரோ கெட்டவரோ 'ஷேயோல்' என்ற இருண்ட பாதாளத்துக்குப் போவார்கள். அங்கே பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. மண்ணில் தூங்குகிற பலர் விழிப்பார்கள், சிலர் நித்திய வாழ்வுக்கு, சிலர் நித்திய அவமானத்துக்கு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்வது தானியேல் 12ஆம் அதிகாரம். எழுதிய காலம் கி.மு. 165 வாக்கில். அப்போது நான்காம் அந்தியோக்கஸ் என்ற கிரேக்க மன்னன் யூதச் சட்டத்தையே தடைசெய்து, கீழ்ப்படியாதவர்களைக் கொன்றுகொண்டிருந்தான். சட்டத்தைக் காப்பாற்றியதற்காகச் செத்தவனுக்குக் கடவுள் எப்போது நியாயம் செய்வார் என்ற கேள்வி அந்த வருடங்களில் தாங்க முடியாததாக இருந்திருக்கும். அந்தக் கேள்வி அவர்களுடையது, யாரிடமும் வாங்கியதில்லை. விடையின் வடிவம் பக்கத்து வீட்டில் ஏற்கெனவே இருந்தது. மனிதர்கள் மறுபடி உயிர்பெறுவார்கள் என்று மாகிகள் நம்புவதாக கி.மு. 4ஆம் நூற்றாண்டு கிரேக்கர் தியோபொம்பஸ் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். தானியேலைவிடச் சுமார் 200 வருடம் முந்தியது அது.

தியோபொம்பஸை இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அவெஸ்தா பல நூற்றாண்டு வாய்மொழியாகவே இருந்து, கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்துக்கு வந்தது. உலக முடிவை விரிவாகச் சொல்லும் நூல்கள், உதாரணமாக புந்தஹிஷ்ன், இப்போதைய வடிவத்தில் கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உருக்கிய உலோகம் ஆறாக ஓடும், நல்லவனுக்கு அது வெதுவெதுப்பான பால் மாதிரி இருக்கும் என்பதெல்லாம் அழகான படிமங்கள். அவற்றை அப்படியே கி.மு. 500க்குத் தூக்கிப்போய் 'பார், பைபிளுக்கு முன்னாலேயே' என்று சொல்ல முடியாது. ஜரதுஸ்திரர் எப்போது வாழ்ந்தார் என்பதிலேயே அறிஞர்களிடையே 500 வருடத்துக்கு மேல் இழுபறி. அதனால் ஒரு கருத்து கி.மு. காலத்திலேயே அங்கே இருந்தது என்பதற்கு காதாவோ, கல்வெட்டோ, வெளியாள் சாட்சியோ வேண்டும். 'எல்லாமே காப்பி' என்பவர்கள் தாண்டிக் குதிக்கும் பள்ளம் இதுதான்.

1947 முதல் சாக்கடல் ஓரக் குகைகளில் கிடைத்த சுருள்கள் கதையில் இன்னொரு அடுக்கைச் சேர்த்தன. குமரான் சமூகம் எனப்படும் யூதக் குழுவின் விதிநூலில், மனிதனுக்குள் உண்மையின் ஆவி, பொய்யின் ஆவி என இரண்டு. ஒளியின் பிரபு ஒரு பக்கம், இருளின் தூதன் ஒரு பக்கம் என்று வருகிறது. முதல் முறை படிப்பவருக்குக் காதா படிக்கிற மாதிரியே இருக்கும். முப்பதாம் யஸ்னாவில் இரட்டையர்களான இரண்டு ஆவிகள் வருகின்றன அல்லவா? ஒரு வித்தியாசம் உண்டு. காதாவில் ஆவிகள் தாமே பக்கத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. குமரானில் இரண்டையும் படைத்ததே கடவுள். யார் எந்தப் பக்கம் என்பதும் அவர் வகுத்ததே. இரட்டையை உள்ளே விட்டார்கள், கடவுளுக்குக் கீழே உட்கார வைத்தார்கள்.

தாவீது கதையில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். 'சாத்தான்' பழைய எபிரேயச் சொல். எதிராளி, குற்றம் சாட்டுபவன் என்று பொருள். யோபு நூலில் அது பெயர்கூட இல்லை, பதவி. கடவுளின் சபையில் வந்து நின்று, உத்தரவு வாங்கிக்கொண்டுதான் எதையும் செய்கிறான். ஆக, ஆள் உள்ளூர் ஆள். கெட்டதைச் செய்தவர் கடவுள் என்று எழுதக் கை கூசிய ஒரு காலத்தில் அந்த ஆளுக்கு வேலை கூடிவிட்டது. கூசியதற்குக் காரணம் பாரசீகர்கள்தானா என்று கேட்டால், கொஞ்சமாவது இருக்கும் என்பேன். அங்ர மைன்யுவைப் போல அவன் கடவுளுக்கு எதிராகப் படைக்கும் சக்தியாக எபிரேய பைபிளில் ஒருபோதும் ஆகவில்லை.

இந்த இரண்டு மதங்களும் பழகியது கிரேக்கர் காலத்தோடு முடியவில்லை. கி.பி. 224இல் சாசானியர் என்ற பாரசீக அரச வம்சத்தார் ஆட்சிக்கு வந்தார்கள். ஜரதுஸ்திர மதம் அரசின் மதமானது. தலைமைப் பூசாரி கர்தீர், தான் அடித்து நொறுக்கிய மதத்தாரின் பட்டியலைக் கல்லில் வெட்டிவைத்தான். முதல் பெயரே யூதர்கள். யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த பாபிலோனிய தல்மூத் உருவானது இந்த ஆட்சியின் கீழ்தான். அதில் ஒரு காட்சி. ரப்பா பார் பார் ஹனா என்ற யூத அறிஞர் நோயாகப் படுத்திருக்கிறார். பார்க்க இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அப்போது ஒரு பாரசீகப் பூசாரி உள்ளே வந்து விளக்கை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். நெருப்பு அவர்கள் சொத்து மாதிரி! 'கடவுளே, ஒன்று உன் நிழலில் வை, இல்லாவிட்டால் ரோமாபுரிக்காரன் நிழலிலாவது வை' என்று நோயாளி புலம்புகிறார்.

எப்போதும் புலம்பல் இல்லை, கிண்டலும் உண்டு. ஒரு மாகி அமேமார் என்ற அறிஞரிடம், உன் இடுப்புக்கு மேலே ஓர்மஸ்துக்குச் சொந்தம், கீழே அஹ்ரிமனுக்குச் சொந்தம் என்றானாம். அமேமார் கேட்டார்: 'அப்படியானால் மேலே இருப்பவர் குடித்த தண்ணீரைத் தன் எல்லை வழியாக வெளியே விட அஹ்ரிமன் எப்படிச் சம்மதிக்கிறான்?' எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. 9ஆம் நூற்றாண்டில் மர்தான் ஃபர்ருக் என்ற ஜரதுஸ்திர மதத்தவர், ஆதியாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: எல்லாம் தெரிந்த கடவுள் எதற்குத் தோட்டத்தில் நின்று 'ஆதாமே, எங்கே இருக்கிறாய்' என்று கூப்பிட்டார்?

சிரியாவில், யூப்ரட்டீஸ் கரையில், தூரா யூரோபஸ் என்று ஓர் எல்லை நகரம் இருந்தது. அங்கே யூதர்கள் கி.பி. 244 வாக்கில் தங்கள் ஜெப ஆலயத்தின் சுவர் முழுக்கப் பைபிள் கதைகளை வண்ணத்தில் தீட்டினார்கள். கி.பி. 256இல் சாசானியர் முற்றுகையிட்டபோது, நகர மதிலைப் பலப்படுத்த ரோமப் படை இந்தக் கட்டடத்துக்குள் மண்ணைக் கொட்டியது. அதனால்தான் ஓவியங்கள் தப்பின. 1932இல் தோண்டி எடுத்தார்கள். ஓவியங்களின் மேலேயே, முற்றுகைக்குச் சில வருடம் முன்பு வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் பாரசீக மொழியில் மையால் கிறுக்கியிருக்கிறார்கள்: இன்ன மாதம், இன்ன நாள், இன்ன எழுத்தர் வந்தார், இந்தப் படத்தைப் பார்த்தார் என்று. அவர்கள் பாரசீக அதிகாரிகளா, பாரசீகம் எழுதத் தெரிந்த யூதர்களா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எலியா தீர்க்கதரிசி, விதவையின் செத்துப்போன பையனை உயிரோடு எழுப்பும் ஓவியத்தில் ஒருவர், இறந்த குழந்தை உயிரோடு இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். அவர் பெயர் ஓர்மஸ்த்.